ஒரே எம்.பி. கருக்கலைப்பு உரிமைக்கும் போராடுகிறார், காட்டுத்தீ இழப்பீட்டுக்கும் போராடுகிறார். இதில் முரண்பாடு இருக்கிறதா?

வெண்மணல் · சனி, காலை 8:12

போன வாரம் இன்னொரு இழையில் ஒருவர் போகிற போக்கில் "இந்தக் கட்சிக்காரர்களுக்குக் கருக்கலைப்பை விட்டால் பேச வேறு விஷயமே இல்லை" என்று எழுதியிருந்தார். பதில் எழுத ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. அதனால் தனி இழை.

நான் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில், சாண்டா ஃபேயில் பதினோரு வருடமாக இருக்கிறேன். எங்கள் தொகுதி நியூ மெக்ஸிகோ 3. நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் எங்கள் உறுப்பினர், அதாவது எம்.பி., ஜனநாயகக் கட்சியின் தெரேசா லெஜர் ஃபெர்னாண்டஸ். வழக்கறிஞர், 2021 ஜனவரியில் பதவிக்கு வந்தவர். இங்கே கிழக்கே உள்ள லாஸ் வேகாஸில் வளர்ந்தவர் (சூதாட்ட ஊர் இல்லை. அதே பேரில் எங்கள் மாநிலத்தில் பதின்மூன்றாயிரம் பேர் வாழும் ஒரு பழைய ஊர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது).

2022 ஏப்ரல் 6. அமெரிக்க வனத்துறை அந்த லாஸ் வேகாஸுக்குப் பக்கத்து மலையில் திட்டம் போட்டுப் பற்றவைத்த தீ காற்றில் கைமீறியது. அதுதான் ஹெர்மிட்ஸ் பீக் தீ. அதே மாதம் கொஞ்ச தூரத்தில் காஃப் கேன்யன் என்று இன்னொன்று. அதுவும் வனத்துறை வைத்த நெருப்புதான். இரண்டும் ஒன்று சேர்ந்து ஆகஸ்ட் வரை எரிந்தது. 3 லட்சத்து 41 ஆயிரம் ஏக்கர். மாநில வரலாற்றில் இதைவிடப் பெரிய தீ கிடையாது.

மே 2 இரவு, கருக்கலைப்பை நாடு முழுக்க உரிமையாக்கிய 1973-ன் ரோ தீர்ப்பை ரத்து செய்யும் உச்ச நீதிமன்றத்தின் வரைவுத் தீர்ப்பு வெளியே கசிந்தது. அந்த வாரம்தான் லாஸ் வேகாஸை ஊரோடு காலி செய்ய வேண்டியிருக்குமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். காலையில் கார்க் கண்ணாடியில் விபூதி தூவினது போல் சாம்பல். ரேடியோவில் ஐந்து நிமிடம் தீ, ஐந்து நிமிடம் கருக்கலைப்பு. எங்கள் எம்.பி.க்கு இரண்டும் ஒரே வாரத்து வேலை. மே 11-ல் கருக்கலைப்பு உரிமை மசோதா மேலவையான செனட்டில் 49-51 என்று தோற்றது. அந்த மாதமே தீயில் இழந்தவர்களுக்கு முழு இழப்பீடு கேட்கும் மசோதாவை இவர் சபையில் கொண்டுவந்தார், செனட்டில் எங்கள் மாநில செனட்டர் பென் ரே லுஹான்.

இதில் முரண்பாடு எங்கே என்பவர்கள் எழுதுங்கள்.

கணக்குப்பிள்ளை · சனி, காலை 9:05

நான் எழுதுகிறேன். டாலஸ், வருமான வரி வேலை. அதனால் காசு பற்றித்தான் கேட்பேன், கோபப்படாதீர்கள்.

"என் உடம்பு விஷயத்தில் அரசு வராதே" என்பது ஒரு கொள்கை. "என் வீடு எரிந்தது, அரசே வா" என்பது இன்னொரு கொள்கை. வேண்டும்போது கதவைத் திறப்பது, வேண்டாதபோது சாத்துவது. காட்டுக்குள் வீடு கட்டியவருக்கு டாலஸில் வாடகை கொடுப்பவன் வரி ஏன் போக வேண்டும்? மொத்தம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. நானே எழுதுகிறேன்: முதலில் 250 கோடி டாலர், அப்புறம் 145 கோடி. ஆக 395 கோடி டாலர்.

மதுரை மச்சான் · சனி, காலை 9:11

அண்ணே, வனத்துறையே காட்டைக் கொளுத்துமா? அது எதற்கு? யாராவது விளக்குங்க. நான் வெறும் பார்வையாளன்.

காட்டுப்பக்கம் · சனி, காலை 10:48

தம்பி, நான் முப்பது வருடம் வனத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், மேற்கு மலைத்தொடர்ப் பக்கம். நம்மூரில் தை, மாசியில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவோம். பங்குனி வெயில் வருமுன் சருகை ஒதுக்கி, சில இடத்தில் நாங்களே ஓரமாக எரித்தும் விடுவோம். நெருப்பு வந்தால் தின்ன ஒன்றும் இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கணக்கு. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் செய்கிறார்கள். நூறு வருடமாக எந்தத் தீயையும் உடனுக்குடன் அணைத்தே பழகியதால் அங்கே காட்டுக்குள் விறகு குவிந்து கிடக்கிறது.

காஃப் கேன்யன் சமாசாரம் படித்தபோது எனக்கே தூக்கிவாரிப் போட்டது. ஜனவரியில் வெட்டிய கிளைகளைக் குவியல் குவியலாக அடுக்கி எரித்திருக்கிறார்கள். மேலே பனி விழுந்தது. ஒரு தடவை இல்லை, மூன்று பனிப்புயல். அடியில் வேரைப் பிடித்துக்கொண்டு கங்கு ஏப்ரல் வரை உயிரோடு இருந்திருக்கிறது. நாம் நீறு பூத்த நெருப்பு என்போமே, இது பனி பூத்த நெருப்பு.

ஹெர்மிட்ஸ் பீக்கில் தப்பு எங்கே என்றால், ஆட்கள் பெரும்பாலும் திட்டப்படியே நடந்தார்கள். திட்டம்தான் காடு எவ்வளவு காய்ந்திருக்கிறது என்பதைக் குறைத்து எடை போட்டுவிட்டது. அவர்கள் துறையின் சொந்த விசாரணை அறிக்கையே இதை ஒப்புக்கொள்கிறது. அப்போதைய தலைமை அதிகாரி ராண்டி மூர் நாடு முழுக்க இந்த எரிப்பை 90 நாள் நிறுத்தி வைத்தார்.

ஒன்று மட்டும். இதை வைத்து "இனி எரிக்கவே கூடாது" என்று யாரும் கிளம்ப வேண்டாம். நூற்றுக்கு 99.84 எரிப்பு திட்டப்படி முடிகிறது என்பது அந்தத் துறை சொல்லும் கணக்கு. மிச்சம் இருக்கும் 0.16-க்குள்தான் மோரா பள்ளத்தாக்கும் லாஸ் வேகாஸும் மாட்டிக்கொண்டன.

வெண்மணல் · சனி, பகல் 11:30

ஐயா, இதைத்தான் கணக்குப்பிள்ளைக்குச் சொல்ல நினைத்தேன், நீங்கள் அழகாகச் சொல்லிவிட்டீர்கள்.

கணக்கு சார், பக்கத்து வீட்டுக்காரர் குப்பை கொளுத்தி உங்கள் கூரை எரிந்தால், நீங்கள் கேட்பதற்குப் பெயர் உதவியா, நஷ்ட ஈடா? 2000-ல் லாஸ் ஆலமோஸில் இதே கதை நடந்தது. தேசியப் பூங்காத் துறை வைத்த தீ கைமீறி நானூறு குடும்பங்கள் வீடு இழந்தன. அன்றைக்கும் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டு இழப்பீடு கொடுத்தது. லெஜர் ஃபெர்னாண்டஸ் மசோதா அந்த அச்சில் வார்த்ததுதான். 2024-ல் எங்கள் மாநிலத்தின் தெற்கே ருயிடோசோ என்ற ஊர் எரிந்தபோது ஆயிரத்து நானூறு கட்டடம் போனது. அங்கே இப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை, வழக்கமான பேரிடர் உதவிதான். ஏனென்றால் அந்தத் தீயை அரசு வைக்கவில்லை.

"காட்டுக்குள் வீடு கட்டியவர்" என்று சுலபமாக எழுதிவிட்டீர்கள். மோரா பள்ளத்தாக்கில் இருப்பவர்கள் வார இறுதிக்கு மரவீடு கட்டிய பணக்காரர்கள் இல்லை. அமெரிக்கா அங்கே வருவதற்கு முன்பே, மெக்ஸிகோ ஆட்சியில் மானியமாகக் கிடைத்த நிலத்தில் பரம்பரையாக ஆடு மாடு வைத்துப் பிழைக்கும் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள்.

கணக்குப்பிள்ளை · சனி, பகல் 12:02

சரி, குப்பை உதாரணம் ஒப்புக்கொள்கிறேன். தீ வைத்தவன் கொடுக்க வேண்டும். அந்தப் பகுதியில் வாதம் வாபஸ்.

ஆனால் அந்தச் சட்டம் எப்படி நிறைவேறியது என்று பாருங்கள். தனியாக வாக்கெடுப்பில் ஜெயிக்கவில்லை. 2022 செப்டம்பர் 30, அரசாங்கம் மூடிவிடாமல் இருக்கப் போட்ட இடைக்கால பட்ஜெட், அதில் உக்ரைன் உதவி, அதே வண்டியில் இதையும் ஏற்றிவிட்டார்கள். மிச்சம் 145 கோடி டிசம்பர் வண்டியில்.

வெண்மணல் · சனி, பகல் 12:20

ஆமாம், ஏற்றினார்கள். பஸ் வரும்போது ஏறத் தெரிவதும் ஒரு திறமைதான் சார். தனியாக நடந்துபோன கருக்கலைப்பு மசோதா இன்னும் ஊர் போய்ச் சேரவில்லையே.

ஞாயிறு மணி · சனி, மாலை 4:15

நான் கத்தோலிக்கன், நாகர்கோவில் பக்கம், இப்போது ஹூஸ்டன். யாரும் பாய்வதற்கு முன் சொல்லிவிடுகிறேன்: தீ இழப்பீட்டில் அந்த அம்மாவுக்கு நூற்றுக்கு நூறு. கருக்கலைப்பில் என் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. கருவில் இருப்பதும் ஒரு உயிர் என்று நம்புகிறவன் நான். அதை "பிற்போக்கு" என்ற ஒரே சொல்லில் மூட்டை கட்டாதீர்கள்.

என் கேள்வி வேறு. மோரா, லாஸ் வேகாஸ் சனங்களே பெரும்பாலும் கத்தோலிக்கர். எரிந்தவர்கள் அவர்கள். அவர்கள் இந்த அம்மாவின் இன்னொரு பாதியை ஏற்கிறார்களா, அல்லது காசுக்காகச் சகித்துக்கொள்கிறார்களா?

வெண்மணல் · சனி, மாலை 5:40

நியாயமான கேள்வி அண்ணா. அவரும் கத்தோலிக்கர்தான். ஒரே பதிலாகச் சொல்ல முடியாது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் மாநிலத்தில் 1969-ல் போட்ட கருக்கலைப்புத் தடைச் சட்டம் ரொம்ப நாள் செல்லாக்காசாகப் புத்தகத்தில் கிடந்தது. ரோ தீர்ப்பு போனால் அது எழுந்து உட்கார்ந்துவிடும் என்று 2019-ல் அதை நீக்கப் பார்த்தார்கள். மாநில செனட்டில் 18-24 என்று தோற்றது. தோற்கடித்தவர்களில் எட்டுப் பேர் ஜனநாயகக் கட்சியினர். அடுத்த வருடம் உட்கட்சித் தேர்தலில் பழைமைவாதிகளான ஐந்து செனட்டர்களை அவர்கள் கட்சி வாக்காளர்களே வீட்டுக்கு அனுப்பினார்கள். 2021 பிப்ரவரியில் சட்டம் நீங்கியது. அதற்கு வாக்களித்த ஒரு மாநில செனட்டருக்குக் கோவிலில் நற்கருணை மறுக்கப்பட்டது என்பதும் செய்தியாக வந்தது. ஆக உங்கள் ஆட்கள் ஒரே பக்கம் இல்லை. ஒரே குடும்பத்திலேயே இரண்டு பக்கமும் உண்டு.

இதையும் சொல்ல வேண்டும். இங்கே இன்று கருக்கலைப்பு சட்டப்படி கிடைக்கிறது என்றால் அது மாநிலச் சட்டமன்றத்தின் வேலை. எங்கள் எம்.பி. வாஷிங்டனில் வாக்களித்த மசோதா 2021 செப்டம்பரில் 218-211, 2022 ஜூலையில் 219-210 என்று கீழவையைத் தாண்டியது, செனட்டில் நின்றுபோனது. நான் அவருக்கு வாக்களிப்பவள்தான். ஆனால் தீ விஷயத்தில் கையில் வந்தது சட்டம், இதில் வந்தது வாக்குப் பதிவு மட்டும். இப்போது சபையில் ஜனநாயகக் கட்சிப் பெண் உறுப்பினர் குழுவுக்கு அவர்தான் தலைவர். குரல் பெரிதாகியிருக்கிறது, எண்ணிக்கை இன்னும் போதவில்லை.

மதுரை மச்சான் · சனி, மாலை 5:52

நம்ம ஊரில் 1971-லேயே சட்டம் வந்துவிட்டதே என்று பெருமையாக எழுத வந்தேன். என் தங்கச்சி வக்கீல், பின்னாலிருந்து எட்டிப் பார்த்து "அது உரிமைச் சட்டம் இல்லடா, டாக்டர் சரி என்றால் குற்றமில்லை என்கிற சட்டம்" என்று தலையில் தட்டிவிட்டுப் போகிறாள். 2021 திருத்தத்தில் சில பிரிவினருக்கு 24 வாரம் வரை ஆக்கினார்களாம். சரி, நான் மறுபடி பார்வையாளன்.

இரவுப்பணி · ஞாயிறு, அதிகாலை 3:34

வார்டு அமைதியாக இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். டெக்ஸாஸில் நர்ஸ். ஞாயிறு மணி அண்ணாவுக்கு எதிராக எழுதவில்லை, எனக்குத் தெரிந்த ஒன்றை எழுதுகிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

என் தோழி லப்பக்கில் இருந்தாள். 2022 இலையுதிர் காலம். இரண்டாவது குழந்தை, ஆசைப்பட்டுச் சுமந்தது. 20-வது வார ஸ்கேனில் குழந்தைக்குச் சிறுநீரகம் இரண்டும் இல்லை. பனிக்குட நீர் இல்லை. நீர் இல்லாவிட்டால் நுரையீரல் வளராது, பிறந்தாலும் மூச்சு விடாது. டெக்ஸாஸ் சட்டத்தில் கருவின் குறைபாட்டுக்கு விலக்கு கிடையாது. டாக்டர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இங்கே என்னால் செய்ய முடிந்தது இவ்வளவுதான்" என்று மட்டும் சொன்னாராம்.

அல்புகர்க்கிக்கு 320 மைல். நான் லீவு போட்டு வண்டி ஓட்டினேன். மூத்தவன் பாட்டியிடம். மியூல்ஷூ தாண்டினால் எல்லையில் ஃபார்வெல் என்று ஒரு ஊர். தண்டவாளத்தைத் தாண்டினால் நியூ மெக்ஸிகோ, கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். போனில் மணி மாறியதைப் பார்த்து "ஒரு மணி நேரம் திரும்பக் கிடைச்சிருக்கு பாரு" என்றாள். அந்தப் பயணத்தில் அவள் பேசியது அவ்வளவுதான். சாண்டா ரோசாவில் நிறுத்தி உப்புப் போட்ட சிப்ஸ் வாங்கினோம். பாக்கெட்டைப் பிரிக்கவில்லை, திரும்பி வரும்போதும் அது டேஷ்போர்டிலேயே இருந்தது.

எல்லை தாண்டினதும் முதலில் வரும் பெரிய ஊர் க்ளோவிஸ். அந்த ஊர் நகர மன்றமே கொஞ்ச நாளில் கருக்கலைப்புக்கு எதிராக உள்ளூர் விதி போட்டது. 2025 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. வெண்மணல் அக்கா, க்ளோவிஸ் உங்கள் எம்.பி. தொகுதிதானே?

வெண்மணல் · ஞாயிறு, காலை 7:20

ஆமாம் தங்கச்சி. மேற்கே மோரா, கிழக்கே க்ளோவிஸ், இரண்டும் அவர் தொகுதிதான். ஒரு முனையில் தீ, இன்னொரு முனையில் உன் தோழி போன்றவர்கள் வந்த சாலை. உன் பதிவைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் எழுத முடியவில்லை.

ஞாயிறு மணி · ஞாயிறு, காலை 9:50

பூசை முடிந்து வந்து படித்தேன். அந்தத் தங்கைக்காகவும் குழந்தைக்காகவும் ஜெபிக்கிறேன். என் நம்பிக்கை மாறவில்லை. ஆனால் அவள் 320 மைல் போக வேண்டியிருந்ததை எந்த வாயால் நியாயப்படுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. இதற்குமேல் இப்போது எழுதவில்லை.

நெறியாளர் · ஞாயிறு, காலை 10:15

இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டன. நர்ஸின் தோழியை ஏசுவதற்கு இந்த மன்றம் இடம் தராது. கருத்து சொல்லலாம், ஆளைத் தொடக் கூடாது.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, பகல் 12:40

நீக்கியதற்கு நன்றி.

என் முதல் பதிவை மறுபடி படித்தேன். "கதவைத் திற, கதவைச் சாத்து" என்றது வேகத்தில் எழுதியது. ஆனால் இழப்பீட்டில் இன்னொரு சந்தேகம் இருக்கிறது. பணம் ஒதுக்கியாயிற்று, போய்ச் சேர்ந்ததா? 395 கோடி என்று தலைப்புச் செய்தி போட்டுவிட்டு, படிவம் படிவமாக அலைய விடுவது எல்லா நாட்டிலும் உண்டு. அந்த எம்.பி. வேலை செப்டம்பர் 30-ல் முடிந்துவிட்டதா?

வெண்மணல் · ஞாயிறு, பகல் 2:05

இதுதான் சரியான கேள்வி. சட்டம் போட்டது பாதி வேலைகூட இல்லை.

பணத்தைப் பட்டுவாடா செய்யும் பொறுப்பு ஃபீமா என்ற பேரிடர் நிர்வாக அமைப்புக்கு. அவர்கள் போட்ட முதல் விதியில் எரிந்த மரத்துக்கு இழப்பீடு தீக்கு முந்தைய மதிப்பில் 25 சதவீதம்தான் என்று உச்சவரம்பு இருந்தது. மரத்தை வைத்தே வாழும் ஊரில்! வீட்டுச் சுவர், உத்தரம், அடுப்பு விறகு, வேலிக் கம்பம் எல்லாம் அந்த மலை மரம். ஊரே எதிர்த்தது, எங்கள் மாநில எம்.பி.க்களும் செனட்டர்களும் கடிதம் மேல் கடிதம் போட்டார்கள், 2023 ஆகஸ்டில் வந்த இறுதி விதியில் அந்த வரம்பு போனது. மனு போடக் கடைசி நாள் 2024 நவம்பராக இருந்ததை டிசம்பருக்கும், அப்புறம் 2025 மார்ச் 14-க்கும் தள்ளினார்கள். வீடு நிலம் மட்டுமில்லாமல் மன வேதனை, வாழ்ந்த இடத்தை இழந்த துயரம் இதற்கெல்லாமும் இழப்பீடு உண்டா என்பது நீதிமன்றம் வரை போய், 2024 டிசம்பரில் உண்டு என்று தீர்ப்பானது. 2025 முடிவதற்குள் பட்டுவாடா 200 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஒதுக்கியது 395 என்பதையும் மறக்கவில்லை.

என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர் மோரா பக்கம். வீடு அவர் தாத்தா பேரில். தாத்தா இறந்து நாற்பது வருடம். பேர் மாற்ற யாருக்கும் தோன்றவில்லை, எல்லோருக்கும் தெரியுமே இது யார் வீடு என்று. நம்மூர்க் கூட்டுப் பட்டா மாதிரி. மதிய உணவு இடைவேளையில் ஒரு செருப்புப் பெட்டியைத் திறந்து காட்டினார். தீ நெருங்கும்போது அம்மா கையில் எடுத்தது அது ஒன்றுதானாம். ஞானஸ்நானச் சான்றிதழ், 1950-களின் வரி ரசீது, கல்யாண போட்டோ. போட்டோவின் பின்னணியில் வீட்டுத் தாழ்வாரம் தெரிகிறது. "இந்த வீடு இருந்ததற்கு இதுதான் சாட்சி" என்றார். ஓரம் கருகியிருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை, புதுசு போல இருந்தது.

காட்டுப்பக்கம் · ஞாயிறு, மாலை 6:30

தீயைவிடப் பின்னால் வரும் மழை மோசம், அதை யாரும் கேட்கவில்லையே. மரம் போன மலையில் மண் நிற்காது.

வெண்மணல் · ஞாயிறு, இரவு 8:10

வந்தது ஐயா. அந்த ஜூலையில் வெள்ளத்தில் மூன்று பேர் இறந்தார்கள். லாஸ் வேகாஸின் குடிநீர் கயினாஸ் ஆற்றிலிருந்து. ஆறு சாம்பலும் சேறுமாகக் கருப்பாக ஓடியது, சுத்திகரிப்பு நிலையத்தால் அந்தத் தண்ணீரைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு கட்டத்தில் ஊரிடம் இருபது நாள் தண்ணீர்தான் கையிருப்பு என்ற நிலை.

வாய்க்கால்களும் போயின. இங்கே அவற்றை அசேக்கியா என்பார்கள். ஆற்றிலிருந்து பிரித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும் மண் வாய்க்கால். பாசனக்காரர்கள் கூடி ஓர் ஆளைத் தேர்ந்தெடுப்பார்கள், மயோர்டோமோ என்று பெயர். யார் வயலுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று தண்ணீர் முறை வைப்பது அவர். நம்மூர் நீர்க்கட்டியேதான். வசந்தத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து தூர்வார வேண்டும், வராவிட்டால் கூலியாள் அனுப்ப வேண்டும்.

காட்டுப்பக்கம் · ஞாயிறு, இரவு 8:26

குடிமராமத்து! அட, அங்கேயுமா.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, இரவு 9:00

வாய்க்காலுக்கும் இழப்பீடு உண்டா? அது யார் சொத்து? தனியார் இல்லை, அரசும் இல்லையே.

வெண்மணல் · ஞாயிறு, இரவு 9:18

அங்கேதான் சிக்கல் சார். அசேக்கியா சங்கம் தனியாக மனுப் போடலாம். ஆனால் அதன் கணக்குவழக்கு பெரும்பாலும் மயோர்டோமோவின் நோட்டுப் புத்தகத்தில்தான் இருக்கும். இஞ்சினியர் மதிப்பீடு கேட்டால் எங்கே போவார்கள்? அவர்களுக்கு உங்களைப் போல ஒருவர் தேவைப்பட்டிருப்பார்.

கணக்குப்பிள்ளை · ஞாயிறு, இரவு 9:25

கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேன். கட்டணத்தில் தள்ளுபடி உண்டு, இலவசம் கிடையாது.

மதுரை மச்சான் · ஞாயிறு, இரவு 9:31

அந்த மயோர்டோமோவுக்குச் சம்பளம் உண்டா அக்கா? எங்க ஊர் நீர்க்கட்டிக்கு அறுவடையில் நெல் கொடுப்பாங்க.

வெண்மணல் · ஞாயிறு, இரவு 9:50

சங்கம் ஏதோ கொஞ்சம் கொடுக்கும். என் சக ஊழியரின் மாமா அந்த வேலை பார்க்கிறார். பெட்ரோலுக்கே பத்தாது என்பாராம். தீக்குப் பிறகு மதகு இருந்த இடம் கல்லும் மண்ணுமாக மூடிக் கிடந்தது. போன வசந்தத்தில்தான் தண்ணீர் திரும்ப ஓடியது, அதுவும் பாதி தூரம். மீதி பாதிக்கு மனு இன்னும் நிலுவையில்.